பின்னால் கட்டிய மரம்

சாலையின் நடுவில் மட்டும் புல் முளைக்கவில்லை. மரலாரிகள் ஏறி இறங்கி ஒரு தலைமுறை ஆகிவிட்ட மலைச்சாலை அது. ஜீப்பின் இரண்டு பக்கமும் கிளைகள் கரகரவென்று உரசிக்கொண்டே வந்தன, சக்கரம் போகிற இரண்டு தடங்களிலும் முழங்கால் உயரத்துக்குப் புல்லும் முள்ளும் மண்டிக் கிடந்தன, இரண்டு மூன்று இடங்களில் இறங்கி அரிவாளால் வழி வெட்டித்தான் மேலே வர வேண்டியிருந்தது. கைவிட்ட சாலை என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் சக்கரமே படாத நடுப்பகுதியில், ஒரு முழ அகலத்துக்கு, மண் வழித்துவிட்டது போல மொழுமொழுவென்று கிடந்தது, ஒரு காய்ந்த இலைகூட மேலே தங்காமல், ஈரத்தில் மினுங்கிக்கொண்டு.

"தண்ணி ஓடின தடம்," என்றான் அண்ணன், ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த தங்கை கேட்பதற்கு முன்பே.

அவன் பழக்கமே அது. பாதி ஆயுளை பஸ் கண்டக்டராகக் கழித்தவன். எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் சில்லறை இல்லை என்று சொல்லிப் பழகிய நாக்கு, சும்மா இருக்காது. அவளுக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. தண்ணீர் என்றால் வளைவுகளில் ஓரமாக ஒதுங்கி ஓடியிருக்கும். இந்தத் தடம் வளைவிலும் சாலையின் நட்டநடுவிலேயே திரும்பிப் போனது. இருந்தாலும் அதைச் சொல்லி அவன் உற்சாகத்தைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவனை வீட்டை விட்டு வெளியே கிளப்பியதே பெரிய பாடு. அவன் வேலை பார்த்த வழித்தடத்தில் பஸ்ஸை நிறுத்தி, வேலையும் போனதிலிருந்து வாசல் பக்கம்கூட வராமல் கட்டிலே கதியென்று கிடந்தான், கைக்குழந்தை அழுதால்கூடத் திரும்பிப் பார்க்காமல். அவளிடம் ஒரு ஜீப் இருந்தது. ஊர் சுற்ற வருகிறவர்களை மலைக்கு ஏற்றிப்போய் இறக்குவதுதான் பிழைப்பு; அதற்கு முன்பு வேறொரு மலையில் சில வருடம் மரலாரி ஓட்டியவள். யாரும் போகாத பழைய சாலைகளைத் தேடிப் பார்த்து வைத்தால் புது வாடிக்கை கிடைக்கும், நீயும் கூட வா, நாம் இரண்டு பேருமாகச் செய்வோம் என்று கெஞ்சிக் கூத்தாடி அவனைக் கூட்டி வந்திருந்தாள். காலையில் கிளம்பும்போது அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜீப் வரைக்கும் வந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண்ணில் சிரிப்பில்லை.

"எப்படிக் கூட்டிட்டுப் போறியோ அப்படியே கொண்டுவந்து விட்டுடணும், சொல்லிட்டேன்."

பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவோம் என்று அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மேலே போகப்போக அண்ணன் பழைய அண்ணனாகிக்கொண்டிருந்தான். வளைவுக்கு வளைவு இறங்குகிற ஸ்டாப்பின் பெயரை அவனாகவே உருவாக்கிக் கூவினான். வழுக்குப்பாறை இறங்கு, மொட்டைமரம் இறங்கு, மாமியார் வீடு யாராவது உண்டா என்று பின்சீட்டைப் பார்த்துக் கேட்டான். அவளுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. எத்தனை மாதமாகிவிட்டது இவன் இப்படிப் பேசி என்று நினைத்தபோது கண்ணும் கலங்கியது.

உச்சியில், முன்காலத்தில் மரம் ஏற்றிய களம் இருந்தது. கூரை பறந்துபோன கொட்டகை, மரம் தூக்கிய, துரு உதிர்கிற ஒரு கப்பி, வரிசையாக அடுக்கிவைத்து எடுக்க ஆள் வராமலே மக்கிப்போன மரங்கள். காலால் லேசாகத் தட்டினால் உள்ளே பொலபொலவென்று மண்தான். பறவைச் சத்தம் கேட்கவில்லை. பூச்சிகூட ஓய்ந்திருந்தது. இருட்டுவதற்கு முன்பான அந்த நேரத்தில் காடு கத்தித் தீர்க்க வேண்டும். இங்கே கொட்டகைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் களத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. கீழேயிருந்து மூடுபனி ஏறிவருவதைப் பார்த்து, போதும் கிளம்பலாம் என்று ஜீப்பைத் திருப்பினாள். திருப்புகிறபோதுதான் பிரேக் பெடல் காலோடு தரை வரைக்கும் போயிற்று.

ஏதோ அடிக்கட்டை வண்டிக்கு அடியில் பிரேக் குழாயைக் கிழித்திருந்தது. பிரேக் ஆயில் முழுக்க மண்ணில் கொட்டிக் கிடந்தது. ஹேண்ட் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. போனில் சிக்னல் கிடையாது. நடந்து இறங்கலாம் என்றால் பாதி இடங்களில் சாலையின் ஓரம் சரிந்து போயிருந்தது, இந்தப் பனியில் கால் வைக்கிற இடம் மண்ணா காற்றா என்று தெரியாது. வண்டியோடு போனால் விளக்காவது இருக்கும். அவளுக்கு மரலாரிக்காரர்களின் வழி ஒன்று தெரியும். பிரேக் போன லாரிக்குப் பின்னால் கனத்த மரம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, தரையில் இழுத்துக்கொண்டே இறங்குவார்கள். மரம் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வண்டி தறிகெட்டு ஓடாது. ஓர் ஆள் மரத்துக்கும் பின்னால் கடப்பாரையோடு நடந்து வருவான். வளைவில் மரம் மாட்டிக்கொண்டால் நெம்பி விடுவது அவன் வேலை. அவளே இரண்டு தடவை அப்படி இறக்கியிருக்கிறாள்.

அதில் கண்டிப்பான வழக்கம் ஒன்று உண்டு. மரம் அன்றைக்கு வெட்டியதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே இழுபட்ட மரத்தைத் தொடவே கூடாது. அடிவயிறு தேய்ந்த மரம் மண்ணைப் பிடிக்காது என்று இளவட்டங்கள் காரணம் சொல்வார்கள். பழைய ஆட்கள் காரணம் எதுவும் சொல்ல மாட்டார்கள், தொடாதே என்பதோடு சரி.

களத்தின் ஓரத்தில் மக்காத மரம் ஒன்றே ஒன்று கிடந்தது. தலையில் அடித்த இரும்புக் கொக்கியோடு, தயாராக. அவள் அதைப் பார்த்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு வேறு மரம் தேடிக் கிளம்பினாள்.

"இது கொக்கியோட ரெடியா கெடக்கு. இதை விட்டுட்டுப் புதுசா வெட்டப் போறியா? வெட்டி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்," என்றான் அண்ணன்.

அவள் வழக்கத்தைச் சொன்னாள். அவன் குனிந்து மரத்தின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, நன்றாகச் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது என்றான். பனி கொட்டகையை விழுங்கி முடித்திருந்தது. அண்ணியின் முகம் ஞாபகம் வந்தது. சரி என்றாள். கயிற்றைக் கொக்கியில் மாட்டும்போது, கொக்கியில் துரு இல்லை என்பதைக் கை உணர்ந்தது. மனம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

அண்ணன் மஞ்சள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கடப்பாரையைத் தோளில் போட்டான். சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தான். வேலை போன பிறகும் அதை அவன் பையை விட்டு எடுக்கவில்லை, யாரும் அதைப் பற்றிக் கேட்பதும் இல்லை.

"ஒண்ணு அடிச்சா நிறுத்து. ரெண்டு அடிச்சா போ. பஸ்ஸுல நின்னுகிட்டு வந்தவன், இன்னைக்கு பஸ்ஸுக்குப் பின்னால நடந்து வரேன். என் நேரம் பாரு."

இரண்டு விசில். அவள் முதல் கியரில் வண்டியை நகர்த்தினாள்.

முதல் வளைவு வரைக்கும் எல்லாம் நல்லபடியாகவே போனது. பின்னால் மரம் சரளையில் கறகறவென்று இழுபட்டு வந்தது, கயிறு முறுக்கிக்கொண்டு முனகியது, பின்விளக்கின் சிவப்பில் பனி புகை போலச் சுருண்டது, அந்தச் சிவப்புக்குள் மஞ்சள் கோட்டு ஆடி ஆடி நடந்து வருவது கண்ணாடியில் தெரிந்தது. வளைவில் ஒரு விசில். என்ஜினை அணைத்து கியரிலேயே நிறுத்தினாள். கடப்பாரை கல்லில் மோதுகிற சத்தம், அண்ணன் மரத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிற சத்தம். பிறகு இரண்டு விசில். இரண்டாவது வளைவிலும் அதேதான், திட்டு மட்டும் கொஞ்சம் நீளம். அவளுக்கு மூச்சு சீரானது. இப்படியே போனால் தப்பித்துவிடலாம் என்று தோன்றியது.

மூன்றாவது வளைவில் அவன் நிறுத்தச் சொல்லவில்லை. மரம் மாட்டவே இல்லை. வால் பக்கத்தை யாரோ தூக்கிப் பிடித்துத் திருப்பி வைத்தது போல, சத்தமில்லாமல் வளைந்து வந்தது.

பரவாயில்லை, கை தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் நான்காவதிலும் அப்படியே. கறகறப்பு குறைந்துகொண்டே வந்தது, அந்த இடத்தில் வேறு ஏதோ சத்தம், மண்ணில் மெத்து மெத்தென்று, ஒரே சீராக, ஒரு ஜோடிக் காலுக்கு அதிகமாகவே. ஜன்னல் வழியாகப் பச்சை மரத்தின் வாசனை வந்தது. இப்போதுதான் கோடாலி பட்டது போல, பிசின் கசிகிற வாசனை. ஒரு தலைமுறையாகக் களத்தில் கிடந்த மரத்துக்கு அது எப்படி வரும் என்று அவள் யோசிக்கப் பயந்தாள். அதோடு வியர்வை நாற்றமும் கலந்து வந்தது. பல பேருடையது.

"அண்ணா, அங்க எல்லாம் சரியா இருக்கா?"

இரண்டு விசில்.

"வாயைத் திறந்து சொல்லேன்."

இரண்டு விசில்.

கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறவன் அவன். விளையாடுகிறான், பயமுறுத்திப் பார்க்கிறான், கீழே போய் இருக்கிறது அவனுக்கு என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதை அவளே நம்பவில்லை. இன்னொன்றும் உறைத்தது. இறக்கத்தில் போகிற வண்டிக்கு அவள் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரமாகவே அழுத்திக்கொண்டிருந்தாள். ஏற்றத்தில் பாரம் இழுப்பது போல என்ஜின் திணறியது.

கண்ணாடியைப் பார்த்தாள். மஞ்சள் கோட்டு அங்கேதான் இருந்தது. அதே தூரத்தில், அதே ஆட்டத்தில்.

ஆனால் முதுகு தெரிந்தது.

பின்னால் நடந்து வருகிறவனின் முகமல்லவா தெரிய வேண்டும். கோட்டுக் குல்லாயின் பின்பக்கம், தோள், இடுப்பு. அவன் மேலே பார்த்து நின்றான். நின்றவன் எப்படிக் கூடவே வருகிறான். கண்ணாடியைத் துடைத்தாள். முதுகுதான்.

அவளை அறியாமல் கால் கிளட்சை மிதித்துவிட்டது. பிரேக் இல்லாத வண்டி, செங்குத்தான இறக்கம், கிளட்சை மிதித்தால் பாய வேண்டும். செத்தோம் என்று கண்ணை மூடினாள்.

வண்டி நின்றது.

அப்படியே நின்றது. என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது, வைப்பர் இடமும் வலமும் போய் வந்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் இடது ஓரத்தில் ஒரு மொட்டை மரம். அது மெல்ல முன்னால் நகர்ந்தது. அதற்குப் பின்னாலிருந்த பாறையும் நகர்ந்தது. சற்றுமுன் கடந்து வந்த வளைவு ஜன்னலுக்கு வந்தது.

ஜீப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மேலே.

முதல் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினாள். சக்கரம் ஒரே இடத்தில் சுழன்று மண்ணை வாரி அடித்தது. ரப்பர் கருகியது. ஜீப் நிற்கவில்லை, அவசரப்படவும் இல்லை. ஓர் ஆள் நடக்கிற வேகத்தில், மூச்சு விட்டு மூச்சு விட்டு, மேலே போனது. ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னாலிருந்து ஒரு முனகல். பல தொண்டை, ஒரே முனகல்.

இரண்டு விசில்.

குதித்துக் கீழே ஓடிவிடலாம் என்று உடம்பு சொன்னது. உண்மையில் ஒரு காலை வெளியே வைத்தும்விட்டாள். வீட்டு வாசலில் போய் நின்று அண்ணியிடம் என்ன சொல்வது? எதைச் சொன்னாலும் அந்தக் குழந்தைக்கு அப்பா இல்லை. நான்தானே கெஞ்சிக் கூட்டி வந்தேன் என்று நினைத்ததும் பயத்தைவிட அழுகை முந்திக்கொண்டு வந்தது. கியரை நியூட்ரலில் தள்ளினாள். அரிவாளையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கயிறு காற்றில் விறைத்து நின்றது. தொட்டால் நரம்பு போல அதிர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினாள். மரம் வந்தது. ஈரமாக, புதிதாக, நடுச்சாலையின் அந்த மொழுமொழுத்த பள்ளத்தில் அச்சாகப் பொருந்திக்கொண்டு. அதன் வால் பக்கத்திலிருந்து கயிறுகள் மேலே போயின. அவள் கட்டாத கயிறுகள்.

டார்ச்சைத் தூக்கினாள்.

முதுகுகள். வெற்று முதுகுகள், நனைந்த சட்டை ஒட்டிய முதுகுகள், கயிறு அறுத்து அறுத்துத் தோல் இல்லாத தோள்கள். இரண்டிரண்டாக, குனிந்து, மேட்டைப் பார்த்து. ஒருவரும் திரும்பவில்லை. இழுத்தார்கள். நின்றார்கள். இழுத்தார்கள். வரிசை பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது, வெளிச்சம் முடிந்த பிறகும்.

கடைசி ஆள் மஞ்சள் கோட்டு.

கயிறு அவன் தோளில் இருந்தது. கடப்பாரையைக் காணோம். சிக்கிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான், வண்டியின் பாரம் போனால் கயிறு தளரும், இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடி, ஜீப்புக்கும் மரத்துக்கும் நடுவே விறைத்து நின்ற கயிற்றை ஓங்கி ஓங்கி வெட்டினாள். மூன்றாவது வெட்டில் அது அறுந்து தெறித்தது. ஜீப் இறக்கத்தில் உருண்டது. சிவப்பு விளக்கு இரண்டும் சின்னதாகி, வளைவில் திரும்பாமல் நேராகப் போய், அணைந்தன. வெகு நேரம் கழித்துத்தான் கீழே விழுந்த சத்தம் வந்தது.

பாரம் போன பிறகும் தோள் கயிறுகள் தளரவில்லை. முனகல் நிற்கவில்லை. மரம் மேலே போய்க்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். கோட்டுக்குள் கை சூடாக இருந்தது. உயிருள்ள கை. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. இரண்டு கையாலும் பற்றி, காலை மண்ணில் ஊன்றி, உடம்பின் மொத்த பலத்தோடும் கீழ்நோக்கி இழுத்தாள்.

"அண்ணா, வீட்டுக்குப் போலாம் வா. அண்ணி காத்துட்டிருக்காங்க. பாப்பா இருக்கா. வா அண்ணா."

அவன் நிற்காமல் முகத்தை மட்டும் திருப்பினான். டார்ச் வெளிச்சம் கண்ணில் நேராக விழுந்தும் இமைக்கவில்லை. அவளைப் பார்த்தான். கூட்டம் நெரிகிற பஸ்ஸில் படியில் தொங்குகிற, முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பார்க்கிற பார்வை. கோபமில்லை. அலுப்புகூட இல்லை. விசிலை உதட்டிலிருந்து எடுத்தான்.

"உள்ள தள்ளிப் போங்கம்மா. இடம் இருக்கு."

முன்னால் இருந்த முதுகுகள் இரண்டும் விலகின. ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு. நடுவில் காலித் தோள் கயிறு ஒன்று, யாரும் பிடிக்காமலே, தோள் உயரத்தில் விறைத்து நின்றது.

அவள் அவன் கையை விடவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தாள், கீழ்நோக்கித்தான் இழுத்துக்கொண்டே இருந்தாள், அழுதுகொண்டே, அண்ணா அண்ணா என்று சொல்லிக்கொண்டே. அவள் கால்கள் மட்டும் அந்த வழுவழுத்த பள்ளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மேலே எடுத்து வைத்துக்கொண்டிருந்தன.